நிலையா வருவாயும் நிலைகுலையா நெஞ்சமும்

உழைப்புக்கும் ஊதியத்துக்குமிடையே ஒழுங்கானதொரு தொடர்பு இருத்தல் வேண்டுமென்பது மனிதரின் மிகப் பழைய எதிர்பார்ப்புகளுள் ஒன்றாகும். இவ்வளவு உழைத்தால் இவ்வளவு கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மீதே குடும்பங்கள் தம் உணவையும் உறையுளையும் திட்டமிடுகின்றன. ஆனால் இந்நம்பிக்கைக்கு இடமளிக்காத தொழில்களும் பல உள. கடலை நம்பிய மீனவர், மழையை நம்பிய உழவர், பார்வையாளரை நம்பிய கலைஞர் ஆகியோரின் வாழ்வு நிச்சயமின்மையோடு பின்னிப் பிணைந்தது. இந்நிச்சயமின்மையை ஒருவர் எவ்வாறு தாங்கிக்கொள்ளல் வேண்டும் என்ற வினா பொருளியலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அஃது அறவியலையும் சார்ந்தது. ஏனெனில், “தாங்கிக்கொள்” என்று ஒருவருக்கு உபதேசிக்கும்போதே, அச்சுமையை அவர்தான் தாங்குதல் வேண்டுமா என்ற மற்றொரு வினாவும் உடனெழுகின்றது.

இவ்விரு வினாக்களையும் ஒருங்கே ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் இரவு விடுதிகளில் ஆடைகளைந்து ஆடும் நடனமாதரின் தொழில் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். இத்தொழிலின் பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிப்போர் பலராவர். இத்தொழில் நன்றா தீதா, பெண்ணின் உடல் நுகர்பொருளாக்கப்படுதல் தகுமா என்பன தனியே விரிவாக ஆராயப்பட வேண்டிய வினாக்கள். எனினும், சமுதாயத்தின் தீர்ப்பு எதுவாயினும், அத்தொழிலைச் செய்பவர் மாதமுடிவில் வீட்டு வாடகை செலுத்த வேண்டியவரே. அவருடைய கவலை மெய்யான கவலை. அதனை ஆராயாது விடுவதற்கு முகச்சுளிப்பு நியாயமாகாது. அன்றியும், ஏனைய தொழில்களில் மறைந்து கிடக்கும் ஓர் உண்மை இத்தொழிலில் மிக வெளிப்படையாகப் புலப்படுகின்றமையும் நோக்கற்பாலது.

முதலில் இத்தொழிலின் பொருளியல் அமைப்பை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். அமெரிக்க நடன விடுதிகளுட் பெரும்பாலானவை நடனமாதரைத் தம் ஊழியராக ஏற்பதில்லை. சுயாதீன ஒப்பந்தக்காரர் என்றே அவர்களை வகைப்படுத்தி வந்துள்ளன. 1938 ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றப்பட்ட நியாயமான தொழில் நியமங்கள் பற்றிய சட்டம் ஊழியருக்குக் குறைந்தபட்ச வேதனத்தையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் உறுதிசெய்கின்றது. ஒப்பந்தக்காரர் என்ற பெயரைச் சூட்டியதும் இவ்வுறுதி நீங்கிவிடுகின்றது. மாறாக, ஒவ்வொரு நாளும் மேடையேறும் உரிமைக்காக நடனமாதே விடுதிக்கு ஒரு தொகையைச் செலுத்துகின்றார். இதனை மேடை வாடகை எனலாம். இரவு முடிவில் இசை இயக்குபவர், வாயிற்காவலர், மது பரிமாறுவோர் ஆகியோருக்கும் தம் வருவாயிலிருந்து ஒரு பங்கு கொடுத்தல் வழக்கமாகும். அவருடைய வருவாயோ பார்வையாளர் மேடையில் இடும் அன்பளிப்பையும், தனிநடனத்துக்கென அவர்கள் கொடுக்கும் கட்டணத்தையும் மட்டுமே சார்ந்தது. சுருங்கக் கூறின், அவர் தம் வேலைநாளைக் கடனோடு தொடங்குகின்றார்.

புதிதாக இத்தொழிலிற் புகுந்த ஓர் இளம்பெண்ணைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதல் வெள்ளிக்கிழமை எல்லாச் செலவும் போக அவள் கையில் 400 டொலர் மிஞ்சுகின்றது. இவ்வாறே வாரம் நான்கு நாள் கிடைக்குமென அவள் மனக்கணக்குப் போடுகின்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மிஞ்சுவது 20 டொலர். அதற்கடுத்த நாள் மேடை வாடகைக்கே போதாமையால், வந்தபோது இருந்ததிலும் குறைந்த பணத்தோடு வீடு திரும்புகின்றாள். அனுபவமுள்ள ஒருத்திக்கு இவ்வேற்றத்தாழ்வு புதிதன்று. எந்த நாள் சிறக்கும், எந்தப் பருவம் மந்தமாகும் என்பதை அவள் அறிவாள். அவளைத் தேடி வரும் வழக்கமான வாடிக்கையாளரும் உளர். புதியவளுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவளைப் பொறுத்தவரை நேற்றைய இரவே முழு அறிவு; அதிலிருந்தே அவள் நாளையை ஊகிக்க வேண்டியுள்ளது. சென்ற இரவு 400 டொலர் தந்ததெனின் அவளது நம்பிக்கை எல்லை கடக்கின்றது. வெறுங்கையோடு அனுப்பியதெனின் அவநம்பிக்கையும் அவ்வாறே எல்லை கடக்கின்றது.

இந்நிலையில் உள்ளம் மூவகையான இடர்களுக்கு உள்ளாகின்றது. முதலாவது, வருவாயைத் தன் மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் மயக்கம். ஒரு வணிகரின் கடையிற் பொருள் விற்கவில்லையாயின் அவர் சந்தையைக் குறைகூறலாம். நடனமாதுக்கோ அவளது உடலும் முகமும் பேச்சுமே விற்பனைக்குரியன. ஓர் இரவில் இருபது பேரை அணுகி இருபது பேராலும் மறுக்கப்படும் ஒருத்தி, “இன்று கூட்டம் சரியில்லை” என்று கூறாது, “நான் சரியில்லை” என்று கூறத் தலைப்படுகின்றாள். உண்மையில் அன்றைய மழை, ஊரில் நடந்த விளையாட்டுப் போட்டி, மாதத்தின் கடைசிக் கிழமை போன்ற பல காரணங்கள் அவ்வருவாயைத் தீர்மானித்திருக்கக்கூடும். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலைக்கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அவள் கண்ணிற் படுகின்றது.

இரண்டாவது, சூதாட்டத்தை ஒத்த ஈர்ப்பு. பரிசு எப்போது கிடைக்கும் என்று அறிய முடியாதவாறு இடைவெளிகள் மாறி மாறி அமையுமாயின், உயிர்கள் பரிசுக்கான செயலை எளிதிற் கைவிடா என்பதை ஃபேர்ஸ்டர், ஸ்கின்னர் ஆகிய உளவியலாளர் புறாக்களைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகளால் விளக்கினர். அவர்தம் நூல் 1957 இல் வெளிவந்தது. சூதாட்டப் பொறியின் முன் அமர்ந்திருப்பவர் எழுந்து செல்ல இயலாமைக்கும் இதுவே காரணமெனக் கூறுவர். நடன விடுதியிலும் இத்தகைய அமைப்பே நிலவுகின்றது. நள்ளிரவு கடந்தும் ஒன்றும் கிடைக்காதவள், அடுத்து வரும் ஒருவரால் எல்லாம் மாறிவிடக்கூடும் என்று காத்திருக்கின்றாள். உடல் களைத்துத் தன் எல்லைகளைத் தானே தளர்த்தத் துணியும் ஆபத்தும் இக்காத்திருப்பிலேயே தோன்றுகின்றது.

மூன்றாவது இடர் இத்தொழிலுக்குச் சிறப்பாக உரியது. சமூகவியலாளரான ஆர்லி ஹொக்சைல்ட், விமானப் பணிப்பெண்கள் முதலானோரை ஆராய்ந்து 1983 இல் வெளியிட்ட நூலில், உணர்ச்சியை ஆளுதலும் ஓர் உழைப்பே என்று எடுத்துக்காட்டினார். புன்னகையும் பரிவும் அங்கு வேலையின் பகுதிகளாகின்றன. நடனமாதின் நிலையும் அத்தகையதே. பணக்கவலை முகத்திற் தெரிந்தால் வாடிக்கையாளர் விலகிச் செல்கின்றனர்; அவர்கள் விலகுவதால் வருவாய் குறைகின்றது; வருவாய் குறைவதாற் கவலை மேலும் பெருகுகின்றது. உழவர் கவலைப்படுவதால் மழை குறைவதில்லை. இங்கோ கவலையே நட்டத்தின் காரணங்களுள் ஒன்றாகிவிடுகின்றது. ஆதலால் மனவமைதி என்பது இத்தொழிலில் ஒரு நற்பண்பாக மட்டுமன்றி, ஒரு தொழிற்கருவியாகவும் வேண்டப்படுகின்றது.

அவ்வமைதியை அடையும் வழியாது? பழைய மெய்யியலாளருள் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் எபிக்டீற்றஸ். உரோமப் பேரரசில் அடிமையாகப் பிறந்து பின்னர் ஆசிரியராக விளங்கிய அவரது கருத்துகளை அவருடைய மாணவர் அரியன் தொகுத்து வைத்தார். உலகிலுள்ளவற்றை அவர் தன்வசமானவை, தன்வசமல்லாதவை என இரண்டாகப் பகுத்தார். கருத்து, விருப்பு, வெறுப்பு, முயற்சி ஆகியன தன்வசமானவை. உடைமை, புகழ், பதவி முதலியன தன்வசமல்லாதவை. தன்வசமல்லாதவற்றிற் பற்றுவைப்பவர் கலங்குவர். தன்வசமானவற்றைச் செம்மை செய்பவர் கலங்கார். இப்பகுப்பினைப் புதிய நடனமாது தன் தொழிலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நேரத்துக்கு வருதல், ஆடற்பயிற்சி, வாடிக்கையாளரோடு உரையாடும் பாங்கு, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்ற தீர்மானம், எதற்கு உடன்படுவதில்லை என்ற உறுதி ஆகியன அவள் வசமானவை. அவ்விரவில் யார் வருவர், எவ்வளவு கொடுப்பர் என்பன அவள் வசமல்லாதவை. முன்னவற்றை வைத்துத் தன் வேலையை அவள் மதிப்பிடுவாளாயின், வெறுங்கையோடு திரும்பும் இரவிலும் தான் செய்ய வேண்டியதைச் செய்ததாக உறுதிகொள்ள இயலும்.

இவ்வறிவுரை நடைமுறையிலும் பயன் தருவதாகும். பொருளியலாளரான மில்ற்றன் ஃபிறீட்மன் 1957 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மக்கள் ஒவ்வொரு வேளையும் கைக்கு வரும் தொகையை அல்லாது, நீண்ட காலத்தில் எதிர்பார்க்கத்தக்க வருவாயை நோக்கியே தம் செலவை அமைக்க முற்படுவர். புதிய நடனமாதுக்கு அந்நீண்டகால வருவாய் எவ்வளவென்பது தெரியாது. தெரிந்துகொள்வதற்கு ஒரே வழி, குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு நாளும் வேலைசெய்த மணித்தியாலம், கிடைத்த தொகை, செலுத்திய மேடை வாடகை, பிறருக்குக் கொடுத்த பங்கு ஆகியவற்றை எழுதிவைத்தலாகும். இரண்டு மூன்று மாதங்களின் பின் சராசரி ஒன்று புலப்படும். அச்சராசரியிலும் சற்றுக் குறைந்த தொகையைத் தனக்குத்தானே கொடுக்கும் கிழமைச் சம்பளமாக வகுத்துக்கொண்டு, மிகுதியை மந்தமான காலத்துக்கென ஒதுக்கலாம். வரிக்குரிய பணத்தை முதலிலேயே பிரித்துவைத்தலும் இன்றியமையாதது. அமெரிக்காவிற் சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்புக்குமென 15.3 சதவீத வரியை வருமான வரிக்குப் புறம்பாகச் செலுத்த வேண்டியவராவர். ஊழியராயின் இதிற் பாதியைத் தொழில்கொள்வோர் செலுத்துவர். இதனை அறியாத புதியவர் 400 டொலரையும் தம்முடையதென எண்ணிவிடுகின்றனர்.

நாளொன்றுக்கு இவ்வளவு என இலக்கு வைத்தலும் ஆராயப்பட வேண்டியது. நியூயோர்க் நகரின் வாடகைக் கார்ச் சாரதிகள் பற்றிக் கமரர், பப்கொக், லோவென்ஸ்டீன், தேலர் ஆகியோர் 1997 இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அச்சாரதிகளும் நாள்வாடகை செலுத்தியே வண்டியைப் பெறுவோராவர். சவாரி மிகுந்த நாளில் இலக்கை எட்டியதும் சீக்கிரம் வீடு திரும்புவதும், சவாரி குறைந்த நாளில் இலக்கை எட்டும்வரை நெடுநேரம் அலைவதும் அனுபவம் குறைந்த சாரதிகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதென அவர்கள் கண்டனர். இம்முடிவைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்துரைத்துள்ளனர். எனினும் அதிலுள்ள எச்சரிக்கை பொருளற்றதாகிவிடாது. நாளிலக்கு என்பது உழைப்பை மிகக் குறைந்த பயன் தரும் நேரத்திற் குவித்துவிடக்கூடும். மாத இலக்கும் குறித்த நேரத்தில் வீடு திரும்பும் ஒழுங்கும் உள்ளத்துக்கும் உடலுக்கும் நலம் பயப்பன.

இதுவரை கூறியவை தனிமனிதரின் கடமைகள். இவற்றோடு ஆய்வை நிறுத்திவிடின், கலங்கியவர் தம் கலக்கத்துக்குத் தாமே பொறுப்பாளி என்ற முடிபே எஞ்சும். அம்முடிபு ஏற்கத்தக்கதன்று. தமிழகத்துக் கரும்புச் செய்கையாளரிடையே நிகழ்த்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று இவ்விடத்திற் கருதத்தக்கது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் நிகழ்த்திய அவ்வாய்வில், ஒரே உழவர் அறுவடைக்கு முன் கையிற் பணமின்றி இருந்தபோதும், அறுவடையின் பின் பணம் பெற்றபோதும் சிந்தனைத் திறன் சார்ந்த சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டார். அறுவடைக்கு முன்னைய பெறுபேறுகள் குறைவாக இருந்தன. மனிதர் மாறவில்லை, அவருடைய அறிவும் மாறவில்லை. பணமுடை அவரது கவனத்தை விழுங்கியிருந்தது என்பதே ஆய்வாளரின் விளக்கமாகும். இதிலிருந்து பெறப்படுவது யாது? திட்டமிடும் ஆற்றல் எப்போது மிகுதியாகத் தேவைப்படுகின்றதோ அப்போதே அது குன்றிவிடுகின்றது. எனவே “முறையாகத் திட்டமிட்டிருக்கலாமே” என்று வெளியில் நின்று கூறுவோர், தமக்கு இலகுவானது பிறர்க்கும் இலகுவானதென மயங்குகின்றனர்.

இனி, எபிக்டீற்றசின் பகுப்பினையே மீண்டும் நோக்குதல் வேண்டும். மேடை வாடகை எவ்வளவென்பது எவர் வசமானது? ஓர் இரவில் எத்தனை நடனமாதர் ஆடலாமென்பதை வகுப்பவர் யார்? இவை மழையைப் போல் இயற்கையால் நிகழ்வன அல்ல. விடுதி உரிமையாளரே இவற்றைத் தீர்மானிக்கின்றார். அவ்வாறு தீர்மானிக்கையில் அவருடைய நலன் எத்திசையிற் செல்லும் என்பதும் வெளிப்படை. சம்பளம் கொடுக்கும் ஒரு முதலாளி தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்ப்பாராயின் அவருக்கே நட்டம். சம்பளம் கொடாது வாடகை பெறும் உரிமையாளருக்கோ மேலதிகமாக வரும் ஒவ்வொருவரும் மேலதிக வருவாயாவர். பத்துப் பேர் ஆடும் இடத்தில் இருபது பேரைச் சேர்த்தால் வாடகை இரட்டிக்கின்றது. வந்த வாடிக்கையாளரின் பணமோ இருபதாகப் பிரிகின்றது. கூட்டம் குறைந்த இரவிலும் உரிமையாளருக்குரிய தொகை வந்து சேர்ந்துவிடும். எனவே, புதிய நடனமாது இயற்கையென்றும் ஊழென்றும் எண்ணிக் கலங்கும் நிச்சயமின்மையில் ஒரு பகுதி, பிறரொருவரின் கணக்கேட்டில் உருவாக்கப்பட்டதாகும்.

பொருளியலறிஞர் ஃபிராங்க் நைற் 1921 இல் வெளியிட்ட நூலில், அளவிடத்தக்க இடரையும் அளவிட முடியாத நிச்சயமின்மையையும் வேறுபடுத்தி, பின்னதைத் தாங்குவதற்கான கைம்மாறே முயற்சியாளரின் இலாபம் என்று விளக்கினார். தனியுடைமைப் பொருளாதாரத்தில் முதலாளி பெறும் இலாபத்துக்குக் கூறப்படும் நியாயங்களுள் இது தலையாயது. இந்நியாயம் செல்லுபடியாகுமாயின், நிச்சயமின்மையைத் தொழிலாளி மீது ஏற்றிவிட்டு இலாபத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்பவருக்கு அவ்விலாபத்தில் உள்ள உரிமை யாது? முதலாளித்துவத்தை மறுப்போர் எழுப்பும் வினா மட்டுமன்று இது. அதனை ஆதரிப்போர் தம் சொந்த அளவையால் விடைகூற வேண்டிய வினாவும் ஆகும்.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். முதலாவது, அவள் தானே விரும்பித் தெரிந்த தொழில் என்பது. ஒரு தொழிலைத் தெரிதல் வேறு. அத்தொழிலின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் உடன்படுதல் வேறு. கடலை விரும்பிச் சென்றார் என்பதற்காக ஓட்டை வள்ளத்தைக் கொடுத்தவர் குற்றமற்றவராகிவிடார். அன்றியும், வருவாயின் தன்மையை அனுபவத்தாலன்றி அறிய முடியாத ஒருவரின் முதல்நாட் சம்மதம் முழுச் சம்மதமாகாது.

இரண்டாவது வாதம் சற்று வலிமையுடையது. நிச்சயமின்மைக்கு ஈடாகவே சில இரவுகளில் அவள் பெருந்தொகை பெறுகின்றாள் என்பர். அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில், வேலை நிரந்தரமின்மை கூலியை உயர்த்தும் காரணிகளுள் ஒன்றெனக் கூறினார். கொத்தரின் கூலி அவர் வேலையின்றி இருக்கும் நாட்களின் பிழைப்புக்கு மட்டுமன்றி, அந்நாட்களில் அவர் படும் ஏக்கத்துக்கும் ஈடாக அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதே அதிகாரத்தில் இசைநாடக நடனக்காரர் பற்றியும் அவர் குறிப்பிடுகின்றார். அவர்தம் மிகையான ஊதியத்துக்கு அத்திறமையின் அருமையும், அதனைப் பிழைப்பாகக் கொள்வதால் வரும் இழிபெயருமே காரணங்களென அவர் கண்டார். ஆகவே ஏக்கத்துக்கும் ஒரு விலையுண்டு என்பது பழைய உண்மையே. ஆனால் அவ்வீடு மெய்யாகவே கிடைக்கின்றதா என்பது எண்ணிப் பார்த்துத் தெளிய வேண்டிய ஒன்றாகும். சில இரவுகளின் பெருந்தொகை நினைவில் நிற்கின்றது. வெறுமையான இரவுகளும், செலுத்திய வாடகையும், வரியும் நினைவிலிருந்து நழுவுகின்றன. மேலும், இழிபெயருக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பணத்தை நிச்சயமின்மைக்கும் ஈடாக இரண்டாம் முறை எண்ணுதல் நேர்மையான கணக்காகாது.

மூன்றாவது வாதம் நடனமாதர் சிலராலேயே கூறப்படுவது. ஊழியராக்கப்பட்டால் தம் சுதந்திரம் பறிபோகும் என அவர்கள் அஞ்சுகின்றனர். விரும்பிய நாளில் வருதலும், விரும்பாத வாடிக்கையாளரை மறுத்தலும் அவர்கள் பெரிதும் மதிக்கும் உரிமைகள். கலிபோர்ணிய உயர் நீதிமன்று 2018 இல் வழங்கிய டைனமெக்ஸ் தீர்ப்பு, வேலைசெய்பவர் ஒருவர் ஊழியரல்லர் என நிறுவும் பொறுப்பை வேலைகொள்வோர் மீதே சுமத்தியது; 2020 தொடக்கத்திலிருந்து இது சட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் பல விடுதிகள் நடனமாதரை ஊழியராக்கின. அதேவேளை தனிநடனக் கட்டணத்தில் விடுதியின் பங்கு கூட்டப்பட்டு, முன்னிலும் குறைந்த தொகையே தமக்கு எஞ்சியதாக முறையிட்டோரும் உளர். எனவே நீதி செய்வதாகக் கருதி மேலிருந்து திணிக்கப்படும் மாற்றம், சுமையை வேறு வடிவில் அதே தோளில் மீண்டும் ஏற்றிவிடக்கூடும். இவ்வாதம் சீர்திருத்தத்தை மறுப்பதாகாது. சுமப்போரின் குரலைக் கேளாத சீர்திருத்தத்தையே மறுக்கின்றது.

இவ்விடத்திற்றான் எபிக்டீற்றசின் இருவகைப் பகுப்பிற் காணப்படாத மூன்றாவது வகை ஒன்று புலப்படுகின்றது. தனியொருவர் வசமானவையும், எவர் வசமும் ஆகாதவையும் போக, பலர் ஒன்றுசேரும்போது மட்டும் அவர்கள் வசமாகின்றவை உள. தனித்து நின்ற நடனமாதுக்கு மேடை வாடகை மழையைப் போன்றது. கூடி நின்றோருக்கு அது பேசித் தீர்க்கத்தக்க ஒரு விலை. அடிமை முறை ஆட்சிசெய்த உலகில் வாழ்ந்த மெய்யியலாளர் இவ்வகையைக் காணாமை வியப்பன்று. இன்று அதனைக் காணாதிருப்பதற்கு நியாயமில்லை.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரின் லஸ்டி லேடி என்ற விடுதியில் நடனமாதர் 1996 இல் தொழிற்சங்கமொன்றில் இணைய வாக்களித்தனர்; மறு ஆண்டில் முதலாவது ஒப்பந்தம் நிறைவேறியது. 2003 இல் தொழிலாளரே அவ்விடுதியை வாங்கிக் கூட்டுறவு முறையில் நடத்தத் தொடங்கினர். லொஸ் ஏஞ்சலிசின் வட ஹொலிவூட் பகுதியிலுள்ள ஸ்டார் கார்டன் விடுதியின் நடனமாதர் 2022 இற் பாதுகாப்புக் கோரி வேலைநிறுத்தம் செய்து, நெடுநாள் மறியலின் பின் 2023 இல் மேடை நடிகர் சங்கத்தின் வழியாகத் தொழிற்சங்க உரிமை பெற்றனர். நடனமாதரின் அமைப்பு ரீதியான முயற்சியாற் வாஷிங்டன் மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டம் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருக்கமானது. அதன்படி ஒரு வேலைநேரத்துக்கான மேடைக் கட்டணம் 150 டொலர், அல்லது அவ்வேலைநேரத்தில் அவர் ஈட்டியதில் 30 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைந்ததோ அதனை விஞ்சலாகாது; செலுத்தாத நிலுவைக்குத் தாமதக் கட்டணம் அறவிடுதலும் தடைசெய்யப்பட்டது. இதன் அறவியற் பொருள் ஆழமானது. 100 டொலர் ஈட்டியவரிடம் 30 டொலருக்கு மேல் பெற முடியாது. ஒன்றும் ஈட்டாதவரிடம் ஒன்றும் பெற முடியாது. மந்தமான இரவு விடுதிக்கும் மந்தமான இரவாகின்றது. நிச்சயமின்மை ஒழிந்துவிடவில்லை, அது பகிரப்பட்டது.

ஒழிதலுக்கும் பகிர்தலுக்குமுள்ள இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. லஸ்டி லேடி கூட்டுறவு வாடகைப் பிரச்சினைகளின் மத்தியில் 2013 இல் மூடப்பட்டது. தாமே உரிமையாளராகியும் அத்தொழிலாளர் சந்தையின் ஏற்றத்தாழ்விலிருந்து விடுபடவில்லை. எனவே எந்த ஒழுங்கமைப்பும் மனிதருக்கு முழு நிச்சயத்தை வழங்கிவிடாது. சட்டமும் சங்கமும் சாதித்த பின்னரும் எஞ்சும் ஒரு பகுதிக்கு எபிக்டீற்றசின் அறிவுரை என்றும் வேண்டப்படும். அதேபோல், அவ்வறிவுரை சங்கத்துக்கும் வேண்டப்படும். நள்ளிரவில் தன்னையே நொந்துகொண்டு தனிமையில் அழுபவள் அருகிலிருப்பவளோடு பேசுவதில்லை. அவளைப் போட்டியாளராகவே காண்கின்றாள். தன் வெறுங்கை தன் குற்றமன்று எனத் தெளிந்தவளே மற்றவளின் கையும் வெறுங்கையாயிருப்பதை நோக்குகின்றாள். முன்னர்க் கூறப்பட்ட குறிப்பேடும் அப்போது இரண்டாவது பயனைத் தருகின்றது. தன் சராசரியை அறிந்து அமைதி பெற உதவிய அக்கணக்கே, விடுதிக்குச் செலுத்தியது எவ்வளவென்பதற்கும் சான்றாகின்றது. நியூயோர்க்கில் 2013 இல் நீதிமன்றமொன்று நடனமாதரை ஊழியர் எனத் தீர்ப்பளித்தது போன்ற வழக்குகளில், யார் யாருக்கு எவ்வளவு செலுத்தினர் என்ற கணக்கே பின்னர் இழப்பீட்டின் அடிப்படையாகின்றது.

இவ்வாராய்ச்சி ஒரு தொழிலோடு நின்றுவிடுவதன்று. ஜொனதன் மோர்டக், றேச்சல் ஷ்னைடர் ஆகியோர் அமெரிக்கக் குடும்பங்கள் 235 இன் வரவு செலவை ஓராண்டு காலம் பின்தொடர்ந்து எழுதிய நூல் 2017 இல் வெளிவந்தது. அக்குடும்பங்கள் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்களில், தம் சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ வருவாய் பெற்றதாக அவர்கள் கண்டனர். சுயாதீன ஒப்பந்தக்காரர் என்ற பெயர் இன்று வாடகை வண்டி ஓட்டுவோருக்கும் உணவு கொண்டுசெல்வோருக்கும் சூட்டப்படுகின்றது. நடனமாதர் நீண்டகாலமாக அறிந்திருந்த வாழ்வு ஏனையோருக்கும் பரவி வருகின்றது. அவர்களை இழிவாகக் கருதி ஒதுக்கியமையால், அவர்தம் அனுபவத்திலிருந்து சமுதாயம் கற்றுக்கொள்ளத் தவறிவிட்டது எனலாம்.

எனவே, வருவாய் நிலையாதபோது உள்ளம் நிலைகுலையாதிருத்தல் ஒரு மேன்மையான பண்பு என்பதில் ஐயமில்லை. புதிதாகத் தொழிலிற் புகுந்த ஒருத்தி அதனைப் பயிலுதல் அவளுக்கே நலம் பயக்கும். ஓர் இரவின் வருவாய் அவளது மதிப்பைக் கூறுவதாகாது என்பதை அவள் உணர்தல் வேண்டும். ஆனால் அப்பண்பை அவளிடம் கோருவதற்கு எல்லோருக்கும் உரிமையில்லை. அவளோடு சேர்ந்து நட்டத்தைத் தாங்குபவர் அமைதியாயிரு என்று கூறினால் அது நட்பின் மொழி. நட்டத்தை அவள் மீது சுமத்திவிட்டுத் தன் பங்கை முன்கூட்டியே பெற்றுக்கொண்டவர் அதனையே கூறுவாராயின், அச்சொல்லுக்கு அறிவுரை என்ற பெயர் பொருந்தாது. பொறுமையைப் போதிப்பவர் முதலில் தாம் எவ்வளவைப் பொறுக்கின்றார் என்பதைக் காட்டக் கடமைப்பட்டவராவார்.